சிமெண்டு வளாகத்தில் மரம் முளைத்த கதை

ஜூரோங்கின் மேற்குக் கோடியில் இருக்கிறது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் வளாகத்தை ஒரு காலைப்பொழுது சுற்றி வந்தால் போதும். சிங்கப்பூர் எதைக் கொண்டு கட்டியது, எதைக் கண்டு பயந்தது, இப்போது எதன்மேல் ஆசைப்படுகிறது என்பதெல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். சீனப் பாணிக் கூரையோடு நிற்கும் 1950-களின் நிர்வாகக் கட்டடம். மேட்டிலும் பள்ளத்திலும் நீண்டு கிடக்கும் 1980-களின் கான்கிரீட் தொகுதி. சீனப் பலகாரமான திம்சம் அவிக்கும் கூடை என்று எல்லோரும் செல்லமாகக் கேலி செய்யும், 2015-இல் வந்த ‘ஹைவ்’. அப்புறம், 2023 மே மாதம் திறக்கப்பட்ட ‘கையா’.

கையாவுக்குள் தூண் மரம், உத்தரம் மரம், மேல்தளத்தின் அடிப்பக்கம் மரம். கைப்பிடி, இருக்கை, கதவு நிலை, அறைத் தடுப்பு எல்லாமே மரம். மேலே சாந்துப் பூச்சு கிடையாது, மறைப்புப் பலகை கிடையாது. கட்டடத்தை எது தாங்குகிறதோ அதுவே கண்ணுக்கும் தெரிகிறது, கைக்கும் தட்டுப்படுகிறது. ஆறு மாடி, ஏறத்தாழ 220 மீட்டர் நீளம், 43,500 சதுர மீட்டர் பரப்பு, 125 மில்லியன் வெள்ளி செலவு. ஆசியாவின் மிகப் பெரிய மரக் கட்டடம் என்ற அறிவிப்போடு திறந்தார்கள். கிரேக்கப் பூமித்தாயின் பெயர் சூட்டப்பட்ட இந்த மாளிகையில் குடியிருப்பது வணிகப் பள்ளி. லாப நட்டக் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இத்தனை அழகான கூடம் கிடைத்ததில் கட்டடக்கலை மாணவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தால் அது நியாயம்தான்.

இந்த ஊரில் மரம் இப்படி உள்ளே வந்து உட்காரும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று மரம் ஏழையின் பொருள். கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகளுக்குப் பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு நிற்கும். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவி என்ற கம்பத்தில் பற்றிய தீ அந்த நெருக்கத்தின் ஊடே ஓடியது. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எரிந்த நிலத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. சிமெண்டுதான் பாதுகாப்பு, சிமெண்டுதான் முன்னேற்றம் என்பது அந்தத் தலைமுறையின் மனத்தில் ஊறிப்போனது. பலகை வீட்டில் பிறந்து பதினோராம் மாடிக்குக் குடிபோன ஒருவரிடம் போய் மரத்தின் இயற்கை அழகைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கரையானையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் மழைக்கு ஒழுகிய கூரையையும் பற்றி அவர் உங்களுக்குப் பாடம் நடத்துவார்.

பல்கலைக்கழகத்தின் கதையும் அந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. 1953-இல் ரப்பர் வணிகர் டான் லார்க் சை, சீன மொழியில் உயர்கல்வி தரும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்றார். ஹொக்கியன் சீனர்களின் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தது. பணக்காரர்கள் மட்டுமா கொடுத்தார்கள்? டிரைஷா ஓட்டியவர்களும் தெருவோர வியாபாரிகளும்கூட ஒரு நாள் வருமானத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். 1956-இல் வகுப்புகள் தொடங்கின. அன்று எழுந்த நூலக, நிர்வாகக் கட்டடத்தில் கூரையும் முகப்பும் பழைய சீன மரக் கட்டடங்களை நினைவூட்டும், எலும்போ கான்கிரீட். மரத்தில் பிறந்த வடிவத்தைச் சிமெண்டில் வார்த்து எடுத்திருந்தார்கள். அந்தக் கட்டடம் இன்று சீன மரபுடைமை நிலையம். 1998-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1980-இல் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, அந்தப் பெயர் மறைந்தது. அடுத்த ஆண்டு அதே நிலத்தில் பொறியியலுக்கென்று ஒரு தொழில்நுட்பக் கழகம் வந்தது. 1991-இல் அதுவே இன்றைய பல்கலைக்கழகம் ஆனது. பொறியாளர்களை ஆயிரக்கணக்கில் உருவாக்க வேண்டிய அவசரம் அப்போது. வளாகத்தைத் திட்டமிட ஜப்பானின் கென்சோ டாங்கேயை அழைத்தார்கள். அவர் குன்றுகளின் ஊடே நீண்ட முதுகெலும்பு ஒன்றை ஓடவிட்டு, விரிவுரைக் கூடங்களையும் ஆய்வகங்களையும் அதில் கோத்தார். ‘நார்த் ஸ்பைன்’, ‘சவுத் ஸ்பைன்’ என்று இன்றும் மாணவர்கள் வாயில் புழங்கும் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. மழையில் நனையாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகலாம். வழி தவறிப் போவதும் சுலபம். நல்ல கான்கிரீட்டுக்கு உரிய கம்பீரம் அதில் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் தொட்டுப் பார்க்கத் தோன்றும் இடம் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்தக் காலத்து வகுப்பறைகளில் மரம் எங்கே போனது என்று கேட்டால், படமாகப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஆசியா முழுக்க இதே கதைதான். மேசையின் மேல்தளம் மரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மர வரி அச்சடித்த லேமினேட் தாள். முனையில் தாள் உரிந்து, உள்ளே தவிட்டு நிறத்தில் தூள் உதிரும் மேசையில் பரீட்சை எழுதாதவர் நம்மில் குறைவு. சென்னையிலும் கோவையிலும் புதிய கல்லூரிகளின் அரங்குகளுக்குள் போனால் இன்றும் அதே தாள்தான், அதே வரிதான், பத்தடிக்கு ஒரு முறை அதே முடிச்சுதான்.

இதில் ஒரு வேடிக்கை. மரத்தைப் படமாக ஒட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சிங்கப்பூர் உண்மையான மரத்தின் சந்தையாக இருந்தது. மலாயாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் மெராந்தி, கெம்பாஸ், கப்பூர் மரங்கள் இங்கே வந்தன. காலாங் ஆற்றோரம் இருந்த அறுவை ஆலைகள் பின்னர் சுங்கை காடுட் பக்கம் நகர்ந்தன. ஜூரோங்கிலேயே பிளைவுட் ஆலைகள் ஓடின. அறுத்து, ஒட்டி, வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுவதோடு சரி. தன் கல்லூரிக்குள் கொண்டுவரவில்லை. 1980-களில் இந்தோனேசியா உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்ததும் இந்தத் தொழில் தளர்ந்தது. அந்த மரங்கள் வந்த காடுகள் என்ன ஆயின என்பது தனிக் கட்டுரைக்கு உரிய சோகம். நூற்றாண்டு நின்ற மரத்தை வெட்டினார்கள், திரும்ப நடவில்லை. மரம் என்றாலே காட்டழிப்பு என்று படித்தவர்கள் முகம் சுளித்ததற்கு இந்தக் காரணமும் உண்டு.

ஆகவே, இன்று திரும்பி வந்திருப்பது அன்று போன மரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கையாவின் தூண்கள் ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்து நாடுகளில் வளர்ந்த ஸ்புரூஸ். குளிர்நாட்டு ஊசியிலை மரம். வெளிர் நிறம், மென்மையான கட்டை. நம் ஊர்த் தச்சர் ஒருவரிடம் காட்டினால் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, பெட்டி செய்யத்தான் ஆகும் என்று உதட்டைப் பிதுக்குவார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை, ஒற்றைக் கட்டையாக எடுத்தால். ஆனால் இங்கே வருவது ஒற்றைக் கட்டை இல்லையே! சட்டங்களை உலர்த்தி, முடிச்சு உள்ள துண்டுகளை வெட்டி எறிந்து, மிஞ்சியதை நீளவாக்கில் அடுக்கிப் பசை போட்டு அழுத்தினால் அது உத்தரம், குளூலாம் என்பார்கள். ஜெர்மனியில் ஓட்டோ ஹெட்சர் என்ற தச்சுத் தொழிலதிபர் 1906-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரு வரிசை கிழக்கு மேற்காக, அடுத்த வரிசை தெற்கு வடக்காக என்று மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டினால் அது தளமும் சுவரும், சிஎல்டி என்பார்கள். 1990-களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் என்ற பொறியாளரின் ஆய்வால் இது பெருங்கட்டடத்துக்குத் தேறியது. மரம் குறுக்குவாக்கில் உப்பும், சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும்போது ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கைப் பிடித்து நிறுத்துகிறது. மென்மரம் மாடி தாங்கும் இரகசியம் இதில் இருக்கிறது.

சரி, தீ? புக்கிட் ஹோ சுவியை மறக்காத ஊர் எப்படி ஒத்துக்கொண்டது? கனத்த மரம் எரியும் விதமே வேறு. மெல்லிய பலகை சடசடவென்று பற்றிக்கொள்ளும். அரை மீட்டர் தடித்த உத்தரமோ வெளிப்புறம் கரியாகும். அந்தக் கரிப்படலமே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். ஊசியிலை மர உத்தரத்தில் தீ நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான் உள்ளே நகரும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு நாலு சென்டிமீட்டர். எரியட்டும் என்றே அந்த நாலு சென்டிமீட்டரைக் கூடுதலாக வைத்துக் கட்டிவிடுகிறார்கள். இரும்பு உத்தரம் சூட்டில் இளகித் தொங்கிவிடும் நேரத்திலும் மர உத்தரம் நின்றுகொண்டிருக்கும் என்பது அவர்கள் வாதம். சிங்கப்பூரின் தீப்பாதுகாப்பு விதிகள் இந்த வாதத்தை உடனே நம்பிவிடவில்லை. 24 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கட்டடங்களுக்கு, தானியங்கி நீர்த்தெளிப்பான் கட்டாயம் என்ற நிபந்தனையோடுதான் முதலில் வழி திறந்தன. கையாவிலும் கழிப்பறைகள், தரைத்தளம், வெளிப் படிக்கட்டுகள் கான்கிரீட்தான்.

முதல் பெரிய சோதனையும் இதே வளாகத்தில்தான் நடந்தது. 2017-இல் ‘தி வேவ்’ என்ற விளையாட்டரங்கம் வந்தது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 72 மீட்டருக்கு அலைபோல் வளைந்து செல்லும் மரக் கூரை. அதையும் வடிவமைத்தவர், பின்னால் கையாவைத் தந்த டோயோ இட்டோதான். 2013-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர். நகரின் நடுவே சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமும் 2020-இல் ‘கனெக்‌ஷன்’ என்று ஒரு மரக் கட்டடத்தைத் திறந்தது. மூன்று ஆண்டு கழித்துக் கையா.

இதே காலத்தில் வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் மரத்துக்குத் திரும்பின. ஆனால் எல்லோரும் மரத்தைக் காட்டவில்லை. கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2017-இல் திறந்த பிராக் காமன்ஸ் விடுதி 18 மாடி, 53 மீட்டர். 400-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்குகிறார்கள். மரச் சட்டகம் பத்து வாரத்துக்குள் எழுந்து நின்றது. சாதனைதான். ஆனால் அறைக்குள் போனால் மரம் அநேகமாகக் கண்ணில் படாது. தீ அனுமதிக்காக ஜிப்சம் பலகையை அடுக்கடுக்காகப் போட்டு மூடிவிட்டார்கள். மர வீட்டில் தூங்கி எழுகிற பிள்ளைக்கு அது மர வீடு என்று அறிவிப்புப் பலகை சொன்னால்தான் தெரியும். எனக்கு இது ஏதோ குறைபட்டதாகவே தோன்றுகிறது. கரியமிலக் கணக்குக்கு மட்டும் மரம் என்றால் மூடலாம். மனிதர் உட்கார்ந்து படிக்கும் கூடத்துக்கு என்றால் காட்ட வேண்டும். அந்த வகையில் என் ஓட்டு கையாவுக்கு.

மரம் தெரியும் அறையில் மனிதர் எப்படி இருக்கிறார் என்று அதே வான்கூவர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். மரச் சாமான்கள் உள்ள அறையில் மாணவர்களின் உடலில் பதற்றத்தின் அறிகுறிகள் குறைந்திருந்தன. இதை வைத்து மரக் கூரைக்குக் கீழே படித்தால் மதிப்பெண் ஏறும் என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். சோதனை அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் கூட்டமான கட்டடத்தில் கண்ணுக்கு ஒரு வரியும் கைக்கு ஒரு வெதுவெதுப்பும் கிடைப்பது சிறிய விஷயமில்லை. கான்கிரீட் தூண் நம் விரலின் சூட்டை உறிஞ்சிவிடும். மரம் அப்படிச் செய்யாது. ஏசி குளிர் நிறைந்த சிங்கப்பூர்க் கூடங்களில் கை வைக்கிற இடமெல்லாம் இந்த வித்தியாசம் தெரியும்.

குளிரூட்டலிலும் கையா வழக்கத்தை மாற்றியிருக்கிறது. வகுப்பறைகளில் விசிறியும் ஊதுகருவியும் காற்றைத் தள்ளுவதில்லை. குளிர்நீர் ஓடும் சுருள்களால் காற்று குளிர்ந்து, தானே கனத்துக் கீழே இறங்கிப் பரவுகிறது. உடற்சூட்டால் வெதுவெதுப்பான காற்று மேலே போய்விடுகிறது. இரைச்சல் இல்லை. கட்டடத்தின் வெளிமுகத்தில் வெயில் தடுக்கும் சட்டங்கள், கூரையில் சூரிய மின்தகடுகள். ஆண்டுக்கு 2,500 டன் கரியமில வாயு மிச்சம் என்று பல்கலைக்கழகம் கணக்குச் சொல்கிறது. அது மின்சாரச் செலவு சார்ந்த கணக்கு.

மரத்தின் கணக்கு தனி. ஒரு கன மீட்டர் ஸ்புரூஸ் ஏறத்தாழ 450 கிலோ எடை. அதில் பாதி கரிமம். மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து சுமார் 800 கிலோ கரியமில வாயுவை இழுத்துத்தான் அந்தக் கரிமத்தைச் சேர்த்திருக்கிறது. கட்டடம் நிற்கும் வரை அது உள்ளேயே கிடக்கும். உலகின் கரியமில வெளியேற்றத்தில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டால் வருகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் மரத்தின் பக்கம் தட்டு சாய்கிறது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவரும் செலவைக் கழித்தாலும் மிச்சம் உண்டு. ஆனால் இதெல்லாம் வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் மட்டும், கட்டடம் அரை நூற்றாண்டாவது நின்றால் மட்டும். இருபது ஆண்டில் இடித்து எரித்தால் பூட்டி வைத்தது அத்தனையும் காற்றுக்கே போகும். சிங்கப்பூரோ நல்ல கட்டடங்களையும் இளமையிலேயே இடிக்கும் பழக்கம் உள்ள ஊர்.

இங்கேதான் நமக்கு உறுத்த வேண்டிய விஷயம் வருகிறது. ஆல்ப்ஸ் அடிவாரத்து ஆலையிலிருந்து புறப்படும்போது இந்த மரத்தில் ஈரப்பதம் சுமார் 12 விழுக்காடு. வந்து இறங்கும் இடமோ, காலையில் காற்றின் ஈரம் 90 விழுக்காட்டைத் தாண்டும் தீவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மரத்தின் மேற்பரப்பை ஒட்டி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பலகை வீட்டில் வாழ்ந்த எந்தப் பாட்டியும் இதைச் சொல்லியிருப்பார். 2025-இல் கையாவின் மரப்பரப்புகளில் பூஞ்சை படிந்திருப்பதாகச் செய்தி வந்தது. திறந்து இரண்டே ஆண்டு. உடனே, மரமெல்லாம் நமக்கு எதற்கு, சிமெண்டே தேவலை என்ற பேச்சும் கிளம்பியது.

பேச்சு அவசரமானது என்று நினைக்கிறேன். பரப்பில் படரும் பூஞ்சை வேறு, மரத்தை உள்ளே தின்னும் உளுப்பு வேறு. முன்னது அசிங்கம், மூச்சுக்கும் நல்லதில்லை. ஆனால் துடைக்கலாம், பூச்சு கொடுக்கலாம். பின்னதுதான் ஆபத்து, மரம் நனைந்தே கிடந்தால்தான் அது வரும். சிமெண்டும் இந்தக் காற்றில் சும்மா இருப்பதில்லை. கருக்கும், பாசி பிடிக்கும், கம்பி துருப்பிடித்துச் சிதறும். அதற்கெல்லாம் நாம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வெள்ளையடித்துப் பழகிவிட்டதால் அது பராமரிப்பாகத் தெரிவதில்லை. தேக்கை எண்ணெய் தடவிப் பேணிய கைகள் அன்று இருந்தன. கல்லூரிகளில் தச்சர் ஒருவர் சம்பளத்துக்கே இருந்தார். இன்று கட்டடப் பராமரிப்பு என்பது குறைந்த விலை கேட்கும் ஒப்பந்தக்காரரின் வேலை. அவர் கையில் இருப்பது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் குழாய். ஸ்புரூஸ் பலகைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஒரு நியாயமான குறையையும் சொல்ல வேண்டும். அடைத்துக் குளிரூட்டிய வகுப்பறைக்குள், வெயிலும் சாரலும் படாத அரங்குக்குள் இந்த மரம் தன் பாட்டுக்கு இருக்கும். ஈரம் கட்டுக்குள் நிற்கும். காற்று வாங்கத் திறந்துவிட்ட நடைவழிகளிலும் ஓரத்துக் கைப்பிடிகளிலும் குளிர்நாட்டு மென்மரத்தைப் போட்டது துணிச்சல். அந்த இடங்களுக்கு இந்த மண்ணின் காற்றைத் தாங்கிப் பழகிய வன்மரம் ஏற்றது. தோட்டத்தில் நட்டு வளர்த்து, சான்றிதழோடு அறுக்கும் வன்மரம் இப்போது கிடைக்கிறது. கான்கிரீட்டே போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே மரம், விளிம்பில் வேறு பொருள் என்பதுதான் வெப்பநாட்டுக்குச் சரியான கணக்கு என்பது என் தீர்ப்பு.

வளாகத்தின் இன்னொரு பக்கத்தில் தேசியக் கல்விக் கழகம் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குப் போகும் தமிழாசிரியர்கள் பயிற்சி பெறுவது அங்கேதான். ஆகவே இந்தக் கட்டடங்கள் நமக்கும் அந்நியமில்லை. தமிழ்நாட்டிலும் பசுமை வளாகம் என்ற பெயரில் மர அரங்குகளுக்கு வரைபடம் போடத் தொடங்கியிருக்கும் கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் மரத்தின் விலையை எழுதும் பக்கத்திலேயே, அடுத்த முப்பது ஆண்டுக்கு அதைத் துடைக்க, உலர்த்த, பூச்சு கொடுக்க ஆகும் செலவையும், அதைச் செய்யத் தெரிந்த தச்சரின் சம்பளத்தையும் எழுதுங்கள். எழுத மனமில்லை என்றால் லேமினேட்டே ஒட்டிக்கொள்ளுங்கள், காடாவது மிஞ்சும்.